உப்புநீர் மீனின் வரவு செலவு

கடல் மீன் வளர்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீரைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மீனும் சாப்பிட்டது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் காலையில் பார்த்தால் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறது. முந்தைய நாள் இரவு என்ன ஆகியிருக்கும்?

பெரும்பாலும் அன்று இரவு ஒன்றுமே ஆகியிருக்காது. தொட்டிக்கு வந்த நாளிலிருந்தே அந்த மீன் உடம்பில் இருந்த கையிருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக் காலம் தள்ளியிருக்கும். கையிருப்பு தீர்ந்த நாள்தான் நம் கண்ணில் பட்டிருக்கிறது.

மீனின் உடம்பை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வரவு ஒன்றே ஒன்று, சாப்பாடு. செலவு நிறைய: நீந்த வேண்டும், மூச்சுவிட வேண்டும், உடம்பில் உப்பின் அளவைக் காக்க வேண்டும், கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டும், பயந்து ஓடி ஒளிய வேண்டும். கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கொழுப்பும் புரதமும் கையிருப்பு. கோமாளி மீன் எதைப் போட்டாலும் தின்னும், தொட்டியில் அதிக தூரம் அலையாது. அதன் கணக்கில் எப்போதும் மிச்சம் இருக்கும். நாம் செய்யும் சின்னச் சின்னத் தப்புகளை அந்த மிச்சம் தாங்கிக்கொள்ளும். மாண்டரின், காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை, ஆந்தியாஸ் போன்ற மீன்களுக்கு வரவும் செலவும் கிட்டத்தட்ட சமமாக ஓடுகின்றன. 'மென்மையான மீன்' என்று சொல்வது இதைத்தான். அவை பலவீனமானவை அல்ல, கடலில் அலையையும் எதிரியையும் தாங்கியவைதான். தொட்டிக்கு வந்ததும் வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. அவ்வளவே.

இனி எந்த அறிவுரையைக் கேட்டாலும், அது வரவைக் கூட்டுகிறதா, செலவைக் குறைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பொருளை வாங்கும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

தண்ணீருக்குள் இருந்தும் தாகம்

வெட்டிய வெள்ளரித் துண்டில் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் தண்ணீர் விடும் அல்லவா? கடல் மீனுக்கு அது வாழ்நாள் முழுக்க நடக்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீனின் உடல் திரவத்தில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் செவுள் வழியாக உடம்பின் தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். இழந்ததை ஈடுகட்ட மீன் கடல் நீரையே குடிக்கிறது, கூடவே வரும் உப்பைச் செவுளில் உள்ள தனி செல்கள் வெளியே தள்ளுகின்றன. இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. தூங்கும்போதும் நடக்கும். நன்னீர் மீனுக்கு இது அப்படியே தலைகீழ், தண்ணீர் உள்ளே வரும், உப்பு வெளியே போகும்.

மீன் பயந்தாலோ, செவுள் புண்ணானாலோ இந்தக் கசிவு அதிகமாகும். அதாவது செலவு கூடும். தொட்டியின் உப்பளவு ஏறி இறங்கினாலும் உடம்பு ஒவ்வொரு முறையும் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உப்பளவு திடீரென்று குறைவதை விட, திடீரென்று கூடுவது மீனுக்குக் கடினம்.

புதிதாக வளர்ப்பவர்கள் சறுக்கும் இடம் இது. தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் கவனிக்காமல் விட்டால் 90 லிட்டரில் 3,500 கிராம் உப்பு, லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து ஒரே மூச்சில் 10 லிட்டரை ஊற்றினால் மறுபடி 35. வாரா வாரம் இந்த ஊஞ்சல். அன்றாடம் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை ஊற்றினாலே போதும். மிதவை வைத்துத் தானாக ஊற்றும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த விளக்குக்கு முன்னால் நான் வாங்கச் சொல்வது அதைத்தான். ஆவியானதற்கு ஈடாக உப்புத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்க்காமல், 35 என்று குறித்து விற்கும் அளவுத் திரவத்தில் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி, பிஹெச் 8 முதல் 8.4. எல்லாக் கையேட்டிலும் இருக்கும் எண்கள் இவை. சரியாக 25-ஐப் பிடிப்பதை விட, பிடித்த எண்ணில் நிற்பது முக்கியம்.

பலர் யோசிக்காத ஒன்று ஆக்சிஜன். உப்புத் தண்ணீரில் அது குறைவாகவே கரையும். 25 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், கடல் நீரில் 6.8 அளவுக்குத்தான். தண்ணீர் சூடாக ஆக இன்னும் குறையும். மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் முதல் ஆபத்து குளிரோ அழுக்கோ அல்ல, மூச்சுத் திணறல்தான். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

அம்மோனியா பற்றி நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. பாறையிலும் மணலிலும் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே கிடக்கும். நன்னீரில் பயமுறுத்தும் நைட்ரைட், கடல் நீரில் அவ்வளவு கொடியதல்ல. நீரில் இருக்கும் ஏராளமான குளோரைடு அது செவுளுக்குள் நுழைவதைத் தடுத்துவிடுகிறது. அம்மோனியாவுக்கு அந்தச் சலுகை இல்லை, சோதனையில் அது பூஜ்யம் காட்ட வேண்டும்.

கடனோடு வரும் மீன்

கடையில் நீங்கள் பார்க்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. வலையில் சிக்கி, ஆழத்திலிருந்து மேலே வந்து, கிடங்கில் காத்திருந்து, பையில் அடைபட்டு, விமானத்தில் பறந்து, இன்னொரு கிடங்கில் இறங்கி வந்திருக்கும். பைத் தண்ணீர் கெடக்கூடாது என்று அனுப்புவதற்கு முன்பு பட்டினி போடுவது வழக்கம். ஆக, வரவே இல்லாமல் பல நாள் செலவு செய்துவிட்டுத்தான் மீன் உங்கள் கைக்கு வருகிறது. சில இடங்களில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய முறை இது. அப்படிப் பிடித்த மீன் வெளியே நன்றாகவே தெரியும், ஆனால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கும். பவளப்பாறைக்கும் கேடு.

அதனால் பண்ணையில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கோமாளி மீனும் பங்காய் கார்டினலும் நெடுநாளாகப் பண்ணையில் பெருகுகின்றன. மஞ்சள் டாங் மீனை 2015-இல் ஹவாயில் உள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட்டும், நீல டாங் மீனை 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். பண்ணை மாண்டரினும் வருகிறது. இவை பிறந்ததிலிருந்தே தொட்டித் தீனிக்குப் பழகியவை, விலை கூடுதலாக இருந்தாலும் முழுக் கையிருப்போடு வருபவை.

மீனைப் பையிலிருந்து தொட்டிக்கு மாற்றும் நேரத்தில் ஒரு வேதியியல் பொறி காத்திருக்கிறது. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பிஹெச்சைக் கீழே இறக்கும். கூடவே அம்மோனியாவும் சேரும். ஆனால் பிஹெச் குறைவாக இருக்கும்போது அதில் பெரும்பங்கு அம்மோனியம் என்ற, அவ்வளவு தீங்கில்லாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறத் தொடங்கும். பிஹெச் 7-இல் இருப்பதை விட 8.2-இல் விஷ வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கும் மேல். அன்போடும் பொறுமையோடும் திறந்த பைக்குள் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விடுகிறோமே, அது நெடும்பயணம் செய்து வந்த மீனை அந்த விஷத்திலேயே ஊறப்போடுவதற்குச் சமம்.

இதற்கு மாற்றுவழி எளிது. அனுப்புபவரிடம் பையின் உப்பளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தனித் தொட்டியின் (புது மீனை முக்கியத் தொட்டியில் விடுவதற்கு முன் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) உப்பை முன்கூட்டியே அதே அளவுக்கு வையுங்கள். பையைத் திறக்காமல் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகிவிடும். அப்புறம் திறந்து மீனை உடனே மாற்றிவிட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பளவைச் சில நாளில் மெல்ல உயர்த்திக்கொள்ளலாம். பக்கத்துக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வந்த மீனுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, சொட்டு முறையே போதும்.

தனித் தொட்டி ஏன்

தனித் தொட்டி என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். இடம் வேண்டும், இன்னொரு ஹீட்டர் வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆனால் வெண்புள்ளி நோயின் வாழ்க்கைச் சுழற்சியைத் தெரிந்துகொண்டால் இந்தச் சலிப்பு போய்விடும்.

கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணிதான் இதற்குக் காரணம். உப்புத் தூவினாற்போல் நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் அது தின்று கொழுக்கும் கட்டம். மூன்றிலிருந்து ஏழு நாளில் அது மீனை விட்டுக் கீழே விழும். புள்ளி மறைந்தது, மருந்து வேலை செய்தது என்று நாம் நிம்மதி அடைவது அப்போதுதான். உண்மையில் அது மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே பலநூறாகப் பிரிந்துகொண்டிருக்கும். கூடு உடைய சில நாளும் ஆகலாம், பல வாரமும் ஆகலாம். வெளிவரும் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும். சின்னப் பெட்டிக்குள் மீன் எங்கே போகும்? கடலில் ஒன்றிரண்டு ஒட்டியிருந்த இடத்தில் தொட்டியில் நூற்றுக்கணக்கில் ஒட்டும். முதலில் செவுளைத்தான் பிடிக்கும். அங்கே நம் கண்ணுக்குத் தெரியாது. செவுள் கெட்டால் மூச்சும் கெடும், நான் மேலே சொன்ன உப்புச் சமநிலையும் கெடும். செலவு இரட்டிப்பாகும்.

தோலுக்கு அடியில் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் அதன்மேல் மருந்து படாது. தாமிர மருந்து கொல்வது நீந்தித் திரியும் குஞ்சை மட்டும்தான். எனவேதான் சிகிச்சை நாலு நாளில் முடிவதில்லை, வாரக்கணக்கில் ஓடுகிறது. தாமிரம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதால் முக்கியத் தொட்டியில் அதை ஊற்ற முடியாது. ஒட்டுண்ணி ஒருமுறை அந்தத் தொட்டிக்குள் புகுந்துவிட்டால் எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, தொட்டியை மீனில்லாமல் போட்டுவைக்க வேண்டும். கடல் மீன் வளர்ப்பவர்களிடையே 76 நாள் என்பது வழக்கமான கணக்கு. பாறைக் குவியலுக்குள் ஒளியும் ஆறு மீனைப் பிடிப்பது என்றால் என்ன என்று ஒருமுறை செய்துபார்த்தவர்கள் அப்புறம் தனித் தொட்டியைப் பற்றி வாதம் செய்வதில்லை.

வெல்வெட் என்ற இன்னொரு நோயும் உண்டு. மாவு படிந்ததுபோல் மெல்லிய பூச்சு, வேகவேகமான மூச்சு, பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நிற்பது ஆகியவை அறிகுறிகள். சில நாளிலேயே தொட்டியைக் காலி செய்துவிடும். காத்திருந்து பார்க்காதீர்கள்.

தனித் தொட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு, மென்மையான மீனைப் பொறுத்தவரை அதுவே பெரிய பயன் என்பேன். போட்டி இல்லாத இடத்தில் மீன் சாப்பிடக் கற்றுக்கொள்கிறது. ஒளிந்துகொள்ள நாலு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, மங்கிய வெளிச்சம், தொந்தரவு செய்யாத மனிதர்கள். இதுவே போதும். ஒவ்வொரு மீனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தாமிரம் ஊற்ற வேண்டியதில்லை. மாண்டரினுக்குச் செதில் கிடையாது, உடம்பை மூடியிருப்பது தடித்த கோழை. அதனால் வெண்புள்ளி அதற்கு அரிதாகவே பிடிக்கும், மருந்தை அது சரியாகத் தாங்குவதும் இல்லை. அப்படிப்பட்ட மீனை மருந்தில்லாமல் கவனித்தாலே போதும்.

வரவு: சாப்பிடுகிறது என்பது போதாது

மாண்டரின் மீனையே எடுத்துக்கொள்வோம். பச்சையும் ஆரஞ்சும் நீலமுமாகப் பட்டுத் துணி மாதிரி இருக்கும். அதன் நீலம் பெரும்பாலான விலங்குகளில் இருப்பதுபோல் ஒளிச்சிதறலால் வரும் நீலம் அல்ல, உண்மையான நீல நிறமி. முதுகெலும்புள்ள உயிர்களில் மிக அபூர்வம். வாங்கத் தூண்டும் அழகுதான். ஆனால் அதன் வாய் மிகச் சிறியது. கடலில் பகல் முழுக்கப் பாறையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து, கோபிபாட் என்ற மிகச் சிறிய ஓட்டுயிரிகளை ஒவ்வொன்றாகக் கொத்தும். உறைந்த தீனியைப் போட்டால் உணவு என்றே அதற்குத் தெரியாது.

புதுத் தொட்டியில் விட்டால் முதல் சில வாரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருக்கும், நாமும் சாப்பிடுகிறது என்று மகிழ்வோம். பாறையில் இருந்த கோபிபாட் தீர்ந்த பிறகும் கொத்துவதை நிறுத்தாது, தேடிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது மாத மரணத்துக்கு இதுதான் சரியான எடுத்துக்காட்டு.

எனவே மாண்டரின் வேண்டுமென்றால் முதலில் வளர்க்க வேண்டியது அதன் தீனியை. தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்க வேண்டும், நுண்துளைகள் நிறைந்த பாறை நிறைய இருக்க வேண்டும். கீட்டோமார்ஃபா போன்ற பாசி வளரும் தனி அறை ஒன்றைத் தொட்டியோடு இணைத்தால், மீனுக்கு எட்டாத அந்த இடத்தில் கோபிபாட் பெருகி, நீரோட்டத்தோடு தொட்டிக்கு வந்துகொண்டே இருக்கும். அதே தீனியைத் தின்னும் ஆறுகோட்டு ராஸ் போன்ற மீனைக் கூடவே விட்டால் கணக்கு மறுபடி உதைக்கும்.

ஆந்தியாஸின் சிக்கல் வேறு. தீனியை மறுக்காது. ஆனால் கடலில் நீரோட்டத்தில் மிதந்து வரும் மிகச் சிறிய உயிரிகளைப் பகல் முழுக்கக் கொறித்துப் பழகிய மீன் அது, நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும். செலவு அதிகம், சேமிப்பு குறைவு. காலையில் ஒருமுறை நிறையப் போட்டால் அதற்கு உதவாது, தண்ணீர்தான் கெடும். அதே அளவைப் பிரித்து மூன்று நான்கு வேளையாகக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் என்றால் தானியங்கித் தீனிப்பெட்டி வாங்குங்கள், அல்லது ஆந்தியாஸை விட்டுவிடுங்கள். கடல் குதிரைக்கு இரைப்பையே கிடையாது, தின்றது வேகமாகக் குடலைக் கடந்துவிடும். அதற்கும் இதே சட்டம்தான்.

காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை நீண்ட மூக்கால் பாறை இடுக்கிலிருக்கும் புழுக்களைப் பிடுங்கித் தின்பது. மிதக்கும் தீனியை முறைத்துப் பார்க்கும், தொடாது. ஓட்டோடு பிளந்த சிப்பியை அடியில் வைத்தால் கொத்தத் தொடங்கலாம். அங்கிருந்து மெல்ல மைசிஸ் என்ற சின்ன இறால் போன்ற தீனிக்குப் பழக்கலாம். கடையிலேயே தின்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். தின்னாததை வாங்காமல் திரும்புவதில் வெட்கமில்லை.

இவை முயன்றால் முடிகிற மீன்கள். முயன்றாலும் பெரும்பாலும் முடியாதவை சில உண்டு. ஆரஞ்சுப் புள்ளி ஃபைல் மீன் அக்ரோபோரா பவளத்தையே தின்று வாழ்வது. சில பட்டர்ஃபிளை இனங்கள் உயிருள்ள பவளத்தைத் தவிர வேறெதையும் தொடாது. ராஸ் வகையைச் சேர்ந்த துப்புரவு மீன், மற்ற மீன்களின் உடம்பிலிருக்கும் ஒட்டுண்ணியையும் கோழையையும் தின்று பிழைப்பது. நாலு மீன் உள்ள தொட்டியில் அதற்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. கடையில் இருப்பதால் வளர்க்க முடியும் என்று அர்த்தம் இல்லை.

எதைத் தின்கிறது என்பதும் முக்கியம். வளர்ந்த ஆர்டீமியாவை (உப்புநீரில் வாழும் சின்ன இறால் போன்ற உயிரி) கிட்டத்தட்ட எல்லா மீனும் ஆசையாகத் தின்னும், ஆனால் சத்து மிகக் குறைவு. தின்ன மறுக்கும் மீனைத் தூண்ட அது நல்லது, அதையே நம்பி வாழவைக்க முடியாது. சத்தூட்டிய ஆர்டீமியா, மைசிஸ், மீன் முட்டை, நறுக்கிய சிப்பி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். டாங் மீன்களுக்குக் கடற்பாசி தினமும் வேண்டும்.

அண்டை வீட்டார்

சாப்பாடு இருந்தும் அதைத் தின்னவிடாத மீன் கூடவே இருந்தால் வரவு வராது, செலவு மட்டும் ஏறும். கடியைவிடத் துரத்தல்தான் அதிகம் கொல்கிறது. பயந்த மீனை முதலில் விடுங்கள், முரட்டு மீனைக் கடைசியில். ஏற்கெனவே ஒரு டாங் இருக்கும் தொட்டியில் புது மீனை விடும்போது கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துவைத்தால், பழைய மீன் தன் பிம்பத்தோடு சண்டை போடுவதில் மும்முரமாகிவிடும், புதியது அதற்குள் ஒரு பொந்தைப் பிடித்துக்கொள்ளும். சில ராஸ் மீன்கள் வந்ததும் மணலுக்குள் புதைந்து, சில நாள் தலைகாட்டாது. செத்துவிட்டது என்று தோண்டாதீர்கள், வெளியே வரும். தொட்டிக்கு வலை மூடி போடுங்கள், ராஸும் ஃபயர்ஃபிஷும் குதிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

நாம் எப்போதும் மீனைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம். பக்கவாட்டில் இளைப்பு தெரியாது. மீன் நம்மை நோக்கித் திரும்பும் நொடியைப் பிடியுங்கள். தலைக்குப் பின்னால் முதுகு உருண்டு இருக்கிறதா, கத்தி முதுகுபோல் கூராகிவிட்டதா? வயிறு உள்வாங்கியிருக்கிறதா? மாண்டரினில் இடுப்புப் பக்கம் எலும்பு துருத்தத் தொடங்கினால் பட்டினி பல வாரம் ஓடிவிட்டது என்று பொருள். தினம் பார்க்கும் கண்ணுக்கு இந்த மாற்றம் பிடிபடாது. அதனால் மாதம் ஒருமுறை, தீனி போடும் அதே நேரத்தில், அதே கோணத்தில், முன்பக்கமாக ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் முதுகின் வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். இளைத்துக்கொண்டு போனால் மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன், அன்றைய தீனியில் அந்த மீனின் வாய்க்குள் உண்மையிலேயே எத்தனை துண்டு போயிற்று என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.